கிரஞ்ச் என்றால் பிசுக்கு

அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது அது ஏதோ கம்பனிப் பெயர் என்றுதான் நினைத்தேன்.

“ஆன்டி, கிரஞ்ச் மாதிரி ஏதாச்சும் இருக்கா?”

கேட்டவள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். மாத்தளை டவுனில் என் கடைக்கு நாலு தெரு தள்ளி வீடு. பள்ளிக்கூடம் போன காலத்தில் வெள்ளைச் சட்டையில் மையைக் கொட்டிக்கொண்டு அழுதபடி என்னிடம் ஓடி வருவாள். ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து அந்த மையை எடுத்துக் கொடுத்தவள் நான். அந்த உரிமையில்தான் ஆன்டி.

“அந்தக் கம்பனி உடுப்பு இந்தத் தடவ வரலம்மா. அடுத்த மாசம் பாப்போம்,” என்றேன்.

அவள் சிரித்தாள். “கம்பனி இல்ல ஆன்டி, ஸ்டைல். பழசா, லூசா, கொஞ்சம் கிழிஞ்சி, கலர் போயி…”

கிழிசலையும் சாயம் போனதையும் என் கடையிலிருந்து ஒழிப்பதற்குத்தான் நான் பதினெட்டு வருஷமாக முதுகு ஒடிய வேலை செய்கிறேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

நான் வைத்திருப்பது பழைய உடுப்புக் கடை. வெளிநாட்டில் உடுத்துக் கழித்த உடுப்புகள் பெரிய பொதிகளாகக் கட்டிக் கொழும்புக்குக் கப்பலில் வரும். பேல் என்போம். மாதத்துக்கு ஒரு பேல் எடுப்பித்து, வீட்டு முற்றத்தில் பிரித்து, தரம் பார்த்து, ஊற வைப்பேன். இரும்புக் கறைக்குத் தேசிக்காயும் உப்பும். கொலர் பிசுக்குக்குச் சவுக்காரத்தைக் குழைத்துப் பூசிப் பழைய பல் பிரஷால் தேய்க்க வேண்டும். பூஞ்சணம் பிடித்ததை வெயிலில் போட்டுக் காத்திருக்க வேண்டும், மாத்தளை வெயிலை நம்பி. பிறகு கிழிந்த இடத்தை அதே நிற நூலால், அதே நெசவு போகிற போக்கில் இழை எடுத்துத் தைப்பேன். என் கடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறவரைப் பார்த்து, இது வேறொருவர் உடம்பில் கிடந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இதுவரை யாரும் சொன்னதில்லை.

அந்தப் பெண் நான் இஸ்திரி போட்டுக் கொழுவி வைத்திருந்த சட்டைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே இருந்த சாக்கை இழுத்தாள். அது கழிவுச் சாக்கு. எதற்குமே உதவாதவற்றை அதில் போட்டு வைப்பேன். கராஜ்காரர்கள் எண்ணெய் துடைக்க எடுத்துப் போவார்கள். அதற்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவி, சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட தடித்த சட்டை ஒன்றை வெளியே எடுத்தாள். வலது முழங்கையில் கையை நுழைக்கிற அளவு ஓட்டை. பட்டன் இரண்டைக் காணோம்.

“இது! இதேதான் ஆன்டி!”

“அது சீலத்துண்டும்மா.”

“எனக்கு இது போதும்.”

“சரி, வச்சிட்டுப் போ. ஞாயித்துக்கெழம வா, தைச்சித் தர்றேன். பட்டனும் போட்டு…”

“ஐயோ தைச்சிராதீங்க!”

அவள் சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால், நான் கத்திரிக்கோலோடு அவள்மேல் பாய்ந்துவிட்டேன் என்று தெருவில் போகிறவர்கள் நினைத்திருப்பார்கள். அப்படியே கொண்டுபோய்விட்டாள். போட்டுக்கொண்டே போனாள். அவள் அம்மா என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்ற கவலையில் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நான்கு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஏழு பேர். கண்டியிலிருந்து ரயிலில் வந்தவர்கள், உக்குவளையில் பஸ் மாறி வந்தவர்கள், சிங்களப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே பல்லவி. தமிழில் கிரஞ்ச் இருக்கா, சிங்களத்தில் கிரஞ்ச் தியெனவாத. கட்டம் போட்ட தடித்த சட்டைகளாகப் பார்த்து அள்ளினார்கள். கொழுவியில் இருந்த நல்ல சட்டைகளையும் விடவில்லை, கட்டம் இருந்தால் சரி. என் சாக்கு காலியாகி, துடைக்கத் துணி இல்லை என்று கராஜ்காரர் கோபித்துக்கொண்டு போனார்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி செய்ததைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நீலக் களிசான் ஒன்று. முழங்காலில் கிழிந்து வந்தது. இரண்டு நாள் பின்னேரம் உட்கார்ந்து, கண் வலிக்க வலிக்க இழை கோத்து, கிழிந்த இடமே தெரியாமல் மூடியிருந்தேன். அவள் அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என் தையலைக் கண்டுபிடித்துவிட்டாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

“இதப் பிரிச்சித் தருவீங்களா ஆன்டி?”

“எதுக்கு?”

“ஓட்ட தெரியணும்ல.”

பிரித்துக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு இழையாக. பிரிக்கவே ஒரு மணி நேரம் எடுத்தது. அவள் அந்த நேரமெல்லாம் பக்கத்தில் நின்று, “கொஞ்சம் பெருசா கிழிஞ்சாலும் பரவால்ல” என்று ஆறுதல் வேறு சொன்னாள்.

அன்று மாலை கடையைப் பூட்டிக்கொண்டு நேரே என் சினேகிதியின் வீட்டுக்குப் போனேன். நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள். அவள் உக்குவளைப் பக்கம் ஒரு முஸ்லிம் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். எந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்டாலும் அதன் பிறப்புச் சான்றிதழைத் தேடிக் கண்டுபிடிக்காமல் தூங்க மாட்டாள்.

“கிரஞ்ச்னா என்னடி அர்த்தம்?” என்று வாசலிலேயே கேட்டேன்.

“முதல்ல உள்ள வா புள்ள. தேத்தண்ணி குடி.”

“அர்த்தத்தச் சொல்லு.”

“அழுக்கு,” என்றாள்.

நான் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் அகராதியை எடுத்தாள், போனையும் எடுத்தாள். அமெரிக்க இளசுகள் பேச்சுவழக்கில் அழுக்கான, அருவருப்பான எதையும் ‘கிரஞ்சி’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். ஊத்தையைக் குறிக்கிற ஒரு சொல்லும் மங்கிப்போனதைக் குறிக்கிற இன்னொரு சொல்லும் கலந்து பிறந்திருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள், உறுதியாகத் தெரியாதாம். அதன் வாலை வெட்டியதும் ‘கிரஞ்ச்’ வந்தது.

“எந்த அழுக்கு?” என்று கேட்டேன்.

“எந்த அழுக்குன்னா?”

“அழுக்குல எத்தன இருக்கு! கறை வேற, ஊத்தை வேற. தூசி தட்டினா போகும். பிசுக்கு ஒட்டிக்கிட்டு நிக்கும், தேச்சாலும் லேசுல போகாது. இது எது?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். கிட்டார் கம்பிகளை மணலில் புரட்டி எடுத்து வாசித்த மாதிரி ஒரு சத்தம். பாடுகிறவருக்குத் தொண்டை சரியில்லை. அவளுடைய மகன் உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்ற முகத்தோடு கதவைச் சாத்தினான்.

“பிசுக்கு,” என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

அதற்குப் பிறகு அவள் மீதிக் கதையைச் சொன்னாள். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் ஒரு நகரம். எப்போது பார்த்தாலும் மழை, குளிர். சுற்றிலும் காடு, மரம் வெட்டுகிற ஆட்கள்.

“நம்ம இரத்தோட்டை மலைக்கு மேல மாதிரியா?”

“அப்படித்தான் வச்சிக்கயேன்.”

அங்கே கையில் வசதி இல்லாத இளைஞர்கள் சிலர் பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். குளிருக்கு மரவெட்டிகள் போடுகிற கட்டம் போட்ட தடித்த சட்டையைப் பழைய உடுப்புக் கடைகளில் வாங்கிப் போட்டார்கள். அந்த மாதிரி ஒரு குழுக்காரரே தங்கள் பாட்டைக் கிண்டலடித்து எழுதும்போது இந்தச் சொல்லைப் போட்டாராம். திட்டாக வந்தது பெயராக ஒட்டிக்கொண்டது. பாட்டு உலகமெல்லாம் பரவியதும் உடுப்புக்கும் அதே பெயர். அப்புறம் பெரிய நகரத்து நாகரிக உடுப்புக்காரர்கள் விலையுயர்ந்த பட்டில் அந்தக் கட்டங்களை அச்சடித்து, மெலிந்த பெண்களுக்குப் போட்டு மேடையில் நடக்க விட்டார்களாம்.

“பட்டுலயா?”

“பட்டுலதான்.”

“அந்தப் பாட்டுக்காரங்க குளிருக்குப் போட்டாங்க.”

“ஓ.”

“இல்லாத கொறைக்குப் பழசப் போட்டாங்க.”

“ஓ.”

“இந்தப் புள்ளைங்க எதுக்குப் போடுதுங்க? மாத்தள டவுன்ல என்ன குளிரு? வேர்த்து ஊத்துது, அதுங்க தடிச்ச சட்டயப் போட்டுக்கிட்டு…”

“என்னட்டக் கேட்டா? நானா போடச் சொன்னேன்?” என்றாள். பிறகு, “நீயும் நானும் பெல்பொட்டம் களிசானுக்கு அழுதது மறந்து போச்சா?” என்று சேர்த்துக்கொண்டாள். அதுவும் கிழியாத களிசான் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

இது நடந்து இரண்டு வாரத்தில் மழை தொடங்கிவிட்டது. மழை தொடங்கினால் இரத்தோட்டை பஸ்ஸில் ஒரு அக்கா வருவார். மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வருஷா வருஷம் தனக்கும் தன் லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்கும் சேர்த்து ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை வாங்கிப் போவார். ஜாக்கெட்டுக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டால் தேயிலைக் கிளை கையைக் கீறாது, அட்டை ஏறாது, காலைக் குளிரும் கொஞ்சம் தாங்கும். தடித்த சட்டைகளை அவருக்கென்றே நான் ஒதுக்கி வைப்பது வழக்கம். அந்த வருஷம் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எனக்கு அந்த நினைவே வரவில்லை.

அவர் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, “எட்டுச் சட்ட வேணும் தங்கச்சி. தடிப்பா, கை நீளமா,” என்றார்.

கொழுவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். அல்மாரியைத் திறந்து பார்த்தேன். தேறியது இரண்டு. ஒன்றில் பொக்கற் பிய்ந்திருந்தது.

“மத்ததெல்லாம் வித்துப் போச்சுக்கா.”

“மழ இப்பதானே தொடங்குது. அதுக்குள்ளயா?” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏழு பெண்கள் அவரை அனுப்பிவிட்டு லயத்தில் காத்திருந்தார்கள். அடுத்த பேல் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

நான் அல்மாரிக் கதவைச் சாத்தும்போது அந்தப் பல்கலைக்கழகப் பெண் மழையில் நனைந்தபடி உள்ளே வந்தாள். உடம்பில் அதே சிவப்பு கறுப்புக் கட்டச் சட்டை. ஓட்டை இப்போது இன்னும் பெரிதாகியிருந்தது.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் போய் அந்த முழங்கையைத் தொட்டார்.

“ஐயோ புள்ள, கையெல்லாம் வெளிய தெரியுதே. படிக்கிற புள்ளயா நீ?”

“ஆமா ஆன்டி. கெம்பஸ்ல.”

“ஹொஸ்டல்லயா இருக்க? அங்க யாரு தைச்சித் தருவாங்க, பாவம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏன் தங்கச்சி, கடை நெறைய ஊசி நூல வச்சிக்கிட்டு இந்தப் புள்ளய இப்படியே அனுப்புவீங்களா?”

பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு பேச்சை நான் வாங்கியதில்லை. ‘நான் தைக்கிறேன் என்றுதான் சொன்னேன், அவள்தான் விடவில்லை’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா மேசையிலிருந்த ஊசியை எடுத்து நூல் கோத்துவிட்டார். வெட்டுத் துண்டுப் பெட்டியில் கையை விட்டு, குஷன் உறை தைத்து மிஞ்சிய நீலப் பூப்போட்ட துண்டை எடுத்தார்.

“இதே கலரு இல்ல. கோவிச்சிக்காத, என்ன? கைய நீட்டு.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். காப்பாற்றுங்கள் என்று கேட்ட பார்வை அது. நான் விட்டத்தைப் பார்த்தேன். வயதில் பெரியவர், மழையில் வந்தவர், ஊசியோடு நிற்கிறார், எப்படி முடியாது என்பாள்? கையை நீட்டினாள். இருபது நிமிஷம் நீட்டியபடியே கதிரையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளிடம் என்ன படிக்கிறாய், சாப்பாடு எப்படி, அம்மா அப்பா என்ன செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே தைத்தார். எனக்குள் பொங்கிய சந்தோஷத்தை மறைப்பதற்காக ஏற்கெனவே மடித்த களிசான்களை மறுபடி மடித்தேன்.

ஆனால் அந்தச் சந்தோஷமும் நீடிக்கவில்லை. அக்காவின் தையலைப் பார்த்தேன். கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைத் தைக்கிற தையல் அது. தடித்த நூல், அரை அங்குலத்துக்கு ஒரு குத்து, ஒன்று நேர், ஒன்று கோணல். பிய்ந்து போகவே போகாது, ஆனால் தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் தெரியும். ஊசியைப் பறித்து நானே தைக்க வேண்டும் போலக் கை பரபரத்தது. எப்படியோ அடக்கிக்கொண்டேன்.

தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்துவிட்டு, “இப்பதான் நல்லா இருக்கு,” என்று அவள் தோளில் தட்டினார். இரண்டு சட்டைகளையும் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவர் போன பிறகு நான் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டுச் சட்டை கேட்டார், இரண்டுதான் தேறியது, மீதியை யார் யார் போட்டுக்கொண்டு கெம்பஸில் திரிகிறார்கள் என்பதையும். அவள் பூப்போட்ட முழங்கையைத் தடவிக்கொண்டே போனாள். சுரீரென்று சொல்லிவிட்டோமோ என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பையோடு வந்தாள். உள்ளே ஒன்பது கட்டச் சட்டைகள். சினேகிதிகளிடம் திரட்டியிருந்தாள்.

“இத அந்த ஆன்டிக்குக் குடுத்திருங்க,” என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் தப்பு என்று சொல்ல இருந்தேன்.

“அப்புறம் ஆன்டி…” என்று இழுத்தாள். “என் சட்டயப் பாத்து எல்லாரும் எங்க தைச்சதுன்னு கேக்குறாங்க. அதே மாதிரி அஞ்சாறு தைச்சித் தர முடியுமா?”

சொல்ல இருந்ததை விழுங்கிவிட்டு, “நான் தைச்சித் தர்றேன்,” என்றேன். தைத்தும் கொடுத்தேன். வேறு நிறத் துண்டு வைத்துத்தான் தைத்தேன், ஆனால் தையல் என் தையல். அவள் அதைத் தடவிப் பார்த்தாள். “ரொம்ப நல்லா இருக்கு ஆன்டி,” என்றாள், இழவு வீட்டில் பேசுகிற குரலில். “ஆனா… தையல் தெரியவே இல்லயே.”

தெரிகிற மாதிரித் தைத்துப் பார்த்தேன். சத்தியமாக முயன்று பார்த்தேன். மூன்று குத்துக் கோணலாகப் போட்டால் நாலாவது தானாக நேராகிவிடுகிறது. கெட்ட பழக்கத்தை விட முடியாமல் தவிப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நல்ல பழக்கத்தை விட முடியாமல் மேசைமேல் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

கடைசியில், அந்த ஒன்பது சட்டையையும் வாங்கிப்போக வந்த அக்காவிடம்தான் கேட்க வேண்டி வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் என் கடையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “என் தையலயா? எங்க வீட்டுக்காரரே இதப் பாத்தா திட்டுவாரு!” ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தைத்துக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார், லயத்துப் பெண்களுக்கு வேண்டிய சட்டைகளாகவே எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு பேலைப் பிரித்ததும் தடித்த சட்டைகளில் நல்லதைப் பொறுக்கி அல்மாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். மழைக்காலம் முடிகிற வரைக்கும் எந்தக் கிரஞ்சுக்காரருக்கும் திறப்பதில்லை.

தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள் அக்கா தன் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் வீட்டுக்காரருடையது. பச்சைக் கட்டம், எந்தக் காலத்துச் சட்டையோ. கொலர் நைந்து, விளிம்பெல்லாம் கொழுந்துச் சாறு பட்டுக் கறுத்திருந்தது. அடுப்புப் புகை மணத்தது.

“இந்தப் புள்ளைங்க இத வாங்குவாங்களா?” என்று கேட்டார்.

வாங்குவார்கள். அடித்துக்கொண்டு வாங்குவார்கள். என் சினேகிதியின் அகராதியில் உள்ள அர்த்தம் அத்தனையும் அந்த ஒரு சட்டையில் இருந்தது.

“அப்படியே குடுங்கக்கா, வித்துத் தர்றேன்.”

“அப்படியேவா?”

“அழுக்குதான்க்கா கேக்குறாங்க.”

அவருடைய முகம் மாறிவிட்டது. சட்டையைத் திரும்ப எடுத்து, மடித்து, பைக்குள் வைத்தார்.

“எங்க வீட்டு உடுப்ப அழுக்கோட வெளிய குடுக்குறதா? யாரு போட்டதுன்னு வாங்குறவங்களுக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியும்ல. தொவைச்சிட்டுக் கொண்டாறேன்.”

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தார். துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, கொலரைப் பிரித்துத் திருப்பித் தைத்து, எல்லாப் பட்டனும் வைத்து. கொலர்த் தையலை மட்டும் மகளிடம் மெஷினில் அடித்து வாங்கியிருந்தார், நேராக இருக்க வேண்டும் என்று. சாற்றுக் கறையைக்கூட எப்படியோ பாதிக்கு எடுத்திருந்தார். எனக்கே தெரியாத வித்தை. என்ன போட்டீர்கள் என்று கேட்டேன், சிரித்துக்கொண்டு சொல்லாமலே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் அந்தச் சட்டையைத் தொட்டும் பார்க்கவில்லை. “இது ரொம்பப் புதுசா இருக்கே ஆன்டி” என்றாள் ஒருத்தி. ஐந்து வாரம் கொழுவியில் தொங்கியது. பிறகு யட்டவத்தயிலிருந்து வந்த ஒருவர், ஏதோ ஹோட்டலில் காவல் வேலைக்கு நேர்முகப் பரீட்சை என்றார், அதை எடுத்துப் போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன்னால் கழுத்துப் பட்டன்வரை பூட்டி, இரண்டு பக்கமும் திரும்பி, வயிற்றை உள்ளிழுத்துப் பார்த்தார்.

“புதுசா அக்கா?” என்று கேட்டார்.

“பழசுதான்,” என்றேன்.

அவர் நம்பவில்லை.